வெள்ளை எலி வளக்கப் போறீங்களா? மொதல்ல கூண்டு, கடைசிலதான் எலி

எலி வளக்கணும்னு ஆசைப்படுற நெறைய பேர் பெட் ஷாப்ல பாத்த உடனே ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடுறாங்க, வீட்டுக்கு வந்தப்புறம்தான் எதுல விடுறது, என்ன குடுக்குறதுன்னு தேடுறாங்க. அந்த வரிசையை மாத்துங்க. மொதல்ல கூண்டு, அப்புறம் டாக்டர், எல்லாம் ரெடியானப்புறம் எலி.

இது நம்ம சமையக்கட்டுல ஓடுற எலி இல்ல. 19ஆம் நூற்றாண்டுல லண்டன்ல ஜாக் பிளாக்னு எலி பிடிக்கிறவர் ஒருத்தர், வித்தியாசமான கலர்ல சிக்குன எலிகளைக் கொல்லாம தனியா வளத்து வித்தாரு. 1901ல மேரி டக்ளஸ்ங்கிற அம்மா இதுங்களை கண்காட்சி வரைக்கும் கொண்டு போனாங்க. அப்படித் தலைமுறை தலைமுறையா மனுசங்க கைல பழகி வந்ததுங்க இதுங்க. அதனால வீட்டுல பொறியில சிக்குன எலிக்குட்டியைப் புடிச்சு வளக்கலாமேன்னு நெனைக்காதீங்க, அதுக்கு நம்மளைக் கண்டாலே பயம், எலிக்காய்ச்சல் ஆபத்து வேற.

1. கூண்டு

கம்பிக் கூண்டுதான் வேணும். மீன் தொட்டி வேண்டாம், காத்து ஓடாது, மூத்திர வாடை உள்ளயே தங்கும், அந்த அமோனியாதான் எலியோட நுரையீரலுக்கு எமன். கம்பிக்கு நடுவுல அரை இன்ச்சுக்கு மேல இடைவெளி இருந்தா குட்டி எலி நழுவி வந்துடும். ரெண்டு எலிக்குன்னா உயரமா, நடுவுல ரெண்டு மூணு தட்டு வச்சதா பாருங்க, ஏறி எறங்குறது அதுங்களுக்கு ரொம்பப் புடிக்கும். தட்டு வெறும் கம்பியா இருந்தா மேல துணி விரிச்சுடுங்க, இல்லன்னா பாதம் புண்ணாகும்.

அடியில போட மரக்கடைத் தூள் சும்மா கெடைக்குதேன்னு வாங்கிட்டு வராதீங்க. தூசியும் ஆகாது, பைன், சீடார் மரத்துல இருக்குற வாசனை எண்ணெயும் ஆகாது. பிரிண்ட் ஆகாத பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க, இல்ல பழைய பனியன் துணி போடுங்க. ஈரமான எடத்தைத் தெனம் எடுத்துட்டு, வாரத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்துங்க. ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப் பெட்டி, படுக்க ஒரு துணி ஊஞ்சல், தண்ணி பாட்டில், அவ்ளோதான்.

2. ஒண்ணு இல்ல, ரெண்டு

இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. எலி கூட்டமா வாழுற ஜீவன், ஒண்ணுமேல ஒண்ணு படுத்துத் தூங்கும், ஒண்ணை ஒண்ணு நக்கி சுத்தம் பண்ணும். நீங்க எவ்ளோ கொஞ்சினாலும் ராத்திரி முழுக்க அது கூட முழிச்சிருக்க முடியாதுல்ல? ரெண்டும் ஒரே பாலா இருக்கணும். அஞ்சு வாரத்துலயே குட்டி போடுற பக்குவம் வந்துடும், சினையானா மூணு வாரத்துல பத்துக் குட்டி கூட வரலாம். கடைல ஆணையும் பெண்ணையும் ஒரே டப்பால போட்டு வச்சிருந்தா நீங்க வாங்குற பெண் எலி ஏற்கனவே சினையா இருக்க வாய்ப்பு அதிகம். ஆண் எலிக்கு வாலுக்குக் கீழ விதைப்பை பளிச்சுன்னு தெரியும், பாத்து வாங்குங்க.

வாங்குறப்ப எலியைக் காதுகிட்ட வச்சுக் கேளுங்க. மூச்சுல டிக் டிக்னோ விசில் மாதிரியோ சத்தம் வந்தா வேண்டாம்.

3. சாப்பாடு

எலிக்குன்னே விக்கிற பெல்லட் (காஞ்ச கட்டித் தீனி) கெடைச்சா அதை மெயினா வைங்க. வளந்த எலி ஒரு நாளைக்கு 15லேருந்து 20 கிராம் சாப்பிடும். கூட கேரட், வெள்ளரி, வேக வச்ச பருப்பு, எப்பவாவது கொஞ்சம் அவிச்ச முட்டை. பயறு பருப்பைப் பச்சையா தராதீங்க. ஆண் எலிக்கு ஆரஞ்சு, எலுமிச்சை தோல் கூடாது, அதுல இருக்குற லிமோனீன்ங்கிற வாசனைப் பொருள் ஆண் எலியோட கிட்னியை மட்டும் பாதிக்கும். எலியால வாந்தி எடுக்க முடியாது, தப்பா எதையாவது தின்னா வெளிய தள்ள வழியில்ல, அதனால சந்தேகமா இருக்குறதைத் தராம இருக்குறதே நல்லது. வீட்டுல எலி மருந்து வைக்கிற பழக்கம் இருந்தா நிறுத்திடுங்க.

4. பழக்குறது

மொத ரெண்டு நாள் சும்மா விடுங்க. நீங்க போட்டுக் கழட்டுன பனியனை உள்ள போடுங்க, உங்க வாசனை பழகும். அப்புறம் ஸ்பூன்ல கொஞ்சம் தயிர் வச்சு நீட்டுங்க, நக்குறதுக்கு ஸ்பூனைப் புடிச்சுக்கும், தூக்கிட்டு ஓட முடியாது. சாயந்திரம்தான் சுறுசுறுப்பா இருக்கும், அப்ப மடியில விடுங்க. தூக்குறப்ப ரெண்டு கையாலயும் நெஞ்சுக்கடியில தாங்கித் தூக்கணும். வாலைப் புடிச்சுத் தூக்கவே கூடாது, வால் தோல் உரிஞ்சு வந்துடும். நல்லாப் பழகிட்டா பல்லை நறநறன்னு அரைக்கும், கண்ணு ரெண்டும் முன்னும் பின்னும் துடிக்கும், பாக்க பயமா இருந்தாலும் பெரும்பாலும் அது சந்தோசம்.

5. வெயில்

நம்ம ஊருல எலி வளக்குறவங்க அதிகமா கவலைப்பட வேண்டியது இதுக்குத்தான். எலிக்கு நம்மளை மாதிரி வேர்க்காது, சூட்டை வால் வழியாத்தான் வெளிய விடும், அதனால ஃபேன் மட்டும் போட்டா பத்தாது. ரூம் 30 டிகிரியைத் தாண்டுனாலே கவனமா இருங்க. ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டிலைத் துணில சுத்தி உள்ள வைங்க, ஒரு டைல்ஸ் துண்டு, தட்டுல கொஞ்சம் தண்ணி வைங்க. துவண்டு போய் வாயில எச்சி வடிஞ்சா வாலையும் காலையும் சாதா தண்ணில நனைச்சுட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, ஐஸ் தண்ணி ஊத்தாதீங்க.

6. டாக்டர்

நாய் பூனை பாக்குற எல்லாரும் எலி பாக்க மாட்டாங்க, வாங்குறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணிக் கேட்டு வைங்க. சென்னைல இருக்குறவங்க வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிலயும் விசாரிச்சுப் பாருங்க. கண்ணு, மூக்குல செவப்பா வந்தா ரத்தம்னு பதறாதீங்க, பெரும்பாலும் அது போர்ஃபிரின், எலியோட கண்ணுக்குப் பின்னாடி இருக்குற சுரப்பிலேருந்து வர்றது. தூங்கி எழுந்தப்ப லேசா இருந்தா ஒண்ணுமில்ல. தெனமும் வந்தாலோ, கூட மூச்சுச் சத்தமும் இருந்தாலோ நுரையீரல் தொற்றா இருக்கலாம், மனுச மாத்திரையை ஒடைச்சுக் குடுக்காதீங்க. பெண் எலிக்கு மார்புல கட்டி வர்றது சகஜம், தடவிக் குடுக்குறப்பவே வாரம் ஒரு தடவை வயிறு, கக்கமெல்லாம் தொட்டுப் பாருங்க. சின்னதா இருக்குறப்பவே கூட்டிட்டுப் போனா ஆபரேஷன் சுலபம். எலியோட ஆயுசே ரெண்டுலேருந்து மூணு வருசம்தான், அதனால நாளைக்குப் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.