மேடை மேஜிக் ஐட்டங்கள்: வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஒரு மேஜிக் ஐட்டத்தின் விலையில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று மூலப்பொருள், இன்னொன்று செய்தவரின் கைவேலை, மூன்றாவது அதற்குள் இருக்கும் ரகசியம். தபால் உறைக்குள் அடங்கிவிடும் சின்னத் துண்டு ஒன்றுக்குச் சில ஆயிரம் கேட்கிறார்கள் என்றால், அது ரகசியத்தின் விலை. ஆளுயரப் பெட்டிக்குக் கேட்கும் பெருந்தொகை பெரும்பாலும் மரத்துக்கும் தச்சு வேலைக்கும் போகிறது. எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ரகசியத்துக்கான விலையைக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. உறையைப் பிரித்ததும் விற்பனை முடிந்துவிடும், அநேகமாக எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. அதனால் கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் செய்ய முடியுமா? பின்னால் திரை வேண்டுமா? அடுத்த ஷோவுக்குத் தயார்படுத்த எத்தனை நிமிடம் ஆகும்? ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும் பாகம் உண்டா, அது தனியாகக் கிடைக்குமா? வெட்டி ஒட்டிய விளம்பர வீடியோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேமராவை ஒரே இடத்தில் வைத்து, இடைவெட்டு இல்லாமல் எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். திருமண மண்டபத்தில் மேடையின் இரண்டு ஓரங்களிலும் பிள்ளைகள் ஏறி நின்றுகொள்வார்கள். முன்பக்கப் பார்வையை மட்டும் தாங்கும் ஐட்டம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அங்கே உதவாது.

வளையங்களில் தெரியும் தரம்

கைவேலையின் தரத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள, ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பிரித்துக் காட்டும் உலோக வளையங்களான லிங்கிங் ரிங்கைவிட நல்ல பாடம் கிடையாது. கண்ணாடிபோல் மினுங்குவதைப் பார்த்து வாங்குவதுதான் இதில் வழக்கமான தவறு. மலிவான செட் சாதாரண இரும்புக் கம்பியில் செய்து மேலே குரோம் பூசியது. பற்றவைத்த இடத்தைச் சரியாக ராவாமல் பூசியிருந்தால், பூச்சு முதலில் உரிவது அங்கேதான். கை வியர்வை உள்ளே இறங்கும், பழுப்புப் புள்ளி வரும், பிறகு செதிலாகப் பெயர்ந்து விரலைக் கிழிக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கடையிலேயே நான்கு சோதனைகள் செய்யலாம். ஒவ்வொரு வளையத்தையும் நகத்தால் ஒரு முழுச் சுற்று வருடுங்கள், நகம் எங்கேயும் தடுக்கக் கூடாது. ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். குரோம் பூசிய இரும்பு ‘டக்’கென்று இழுக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இழுக்காது, மிஞ்சினால் வளைத்த இடத்தில் லேசாகப் பிடிக்கும். எல்லா வளையங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டையான மேசையில் அடுக்குங்கள். ஏதாவது ஒன்று ஆடினால் அது நெளிந்தது, வெளியே துருத்தினால் அளவு பிசகியது. கடைசியாக, நூலில் தொங்கவிட்டு இன்னொரு வளையத்தால் தட்டுங்கள். கெட்டிக் கம்பியின் ஓசை நீண்டு ஒலிக்கும். அந்த ஓசைதான் ‘இது முழு இரும்பு’ என்று கடைசி வரிசைவரை சொல்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தடிமனாக இருந்தால் உசத்தி என்று நினைப்பதும் தவறு. 10 அங்குல வளையத்தை 8 மில்லிமீட்டர் கம்பியில் செய்தால் ஒன்று ஏறக்குறைய 315 கிராம் வரும், எட்டு வளையச் செட் சேர்ந்து இரண்டரைக் கிலோ. அதே அளவை 6 மில்லிமீட்டரில் செய்தால் ஒன்று 180 கிராமுக்குள் அடங்கும். இரண்டரைக் கிலோவைத் தோள் உயரத்தில் வைத்து ஏழெட்டு நிமிடம் சிரித்த முகத்தோடு ஆட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

பட்டு என்று சொல்லி விற்பதெல்லாம் பட்டல்ல

சில்க் கைக்குட்டையில் வேலை செய்வது துணியின் குணம். மெல்லிய பட்டு கைக்குள் சுருங்கி அடங்கும், விட்டதும் மலர்ந்து விழும். பாலியஸ்டரை எவ்வளவு திணித்தாலும் எதிர்த்துத் தள்ளும், விட்டால் கசங்கிய காகிதம்போல் நிற்கும். 18 அங்குலச் சதுரம் ஒன்று நல்ல மெல்லிய பட்டில் நாலரை கிராம் அளவில்தான் இருக்கும். சமையல் தராசில் 10 கிராம் காட்டினால் அது மேஜிக்குக்கான துணி இல்லை. ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் பாலியஸ்டர். நம் ஊரில் பட்டுக்கா பஞ்சம் என்று காஞ்சிபுரம் துணியை வெட்டித் தைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது முறுக்கேற்றிய தடித்த நூலில் நெய்தது, கம்பீரமாக நிற்பதற்கென்றே செய்தது. அதைக் கைக்குள் சுருங்கு என்று கேட்பது அந்தத் துணிக்குச் செய்யும் அநியாயம்.

ஓரத் தையலையும் பாருங்கள். இயந்திரத்தில் இரட்டையாக மடித்துத் தைத்த ஓரம் கயிறுபோல் தடித்து நிற்கும். கையால் உருட்டித் தைத்ததோ மெல்லிய இழையாகத் தெரியும். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியை ஒரு மூலையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அதில் நிறம் ஏறினால் உங்கள் வெள்ளைச் சட்டையிலும் ஏறும்.

கறுப்பு வெல்வெட்டிலும் இதே ஏமாற்றம் நடக்கிறது. கடையின் டியூப் லைட்டில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புதான். மேடையின் எல்இடி பார் லைட் விழுந்ததும் பாலியஸ்டர் வெல்வெட் சாம்பல் நிறமாகப் பளபளக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பருத்தி வெல்வெட் ஒளியை விழுங்கும். கட்டைவிரல் நுனியில் மாட்டும் போலி விரலான தம்ப் டிப்பிலும் உங்களைக் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிடப் பளபளப்புதான். 600 நம்பர் உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்தால் மினுமினுப்பு அடங்கிவிடும்.

கடைசி வரிசையை மறப்பது

நல்ல பார்வை உள்ளவருக்கு 60 அடி தூரத்தில் ஓர் எழுத்து தெரிய வேண்டுமானால் அது குறைந்தது ஒரு அங்குல உயரம் இருக்க வேண்டும். அது கண்ணைச் சுருக்கிப் படிக்கும் எல்லை. சிரமமில்லாமல் படிக்க மூன்று அங்குலம் வேண்டும். பலகையில் எழுதும் கணிப்பு வித்தைக்கும், எண் அட்டைகளுக்கும், சீட்டுக்கும் இதே கணக்குதான். சாதாரண போக்கர் அளவுச் சீட்டு 63-க்கு 88 மில்லிமீட்டர். அதன் மூலையில் இருக்கும் எண், பள்ளி ஆண்டு விழாவில் பத்தாவது வரிசைக்குப் போய்ச் சேராது. அருமையான சின்ன ஐட்டத்தை நல்ல விலை கொடுத்து வாங்கி 500 பேர் முன்னால் காட்டினால், குறை பொருளில் இல்லை, தேர்வில்.

சீட்டு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிமிக் (ரகசிய ஏற்பாடு செய்த) கட்டு ஒரு கம்பெனி, சாதாரணக் கட்டு வேறு கம்பெனி என்று வாங்கினால் பின்பக்க அச்சின் சிவப்பும் ஓர வெள்ளையும் ஒத்துவராது. பைசைக்கிள் கம்பெனிச் சீட்டின் ரைடர் பேக் என்ற பின்பக்க டிசைன் என்று ஒரே பெயர் இருந்தாலும், ஒரு தடவை அச்சடித்ததற்கும் மறு தடவை அச்சடித்ததற்கும் நிறத்தில் லேசான வேறுபாடு வரக்கூடும். இரண்டையும் ஒன்றாக வாங்கி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பெரிய பெட்டிகள்

பெரும் பணம் வீணாகும் இடம் இது. மேஜிக் கலைஞர் ராபர்ட் ஹார்பின் 1965-ல் கொண்டுவந்த, உள்ளே நிற்பவரின் நடுவுடலைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் ஜிக்-ஜாக் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க நகலெடுத்த ஐட்டம் அது. அதன் வெற்றி அளவுகளிலும், பெயின்ட் கோடுகள் கண்ணை நடத்திச் செல்லும் விதத்திலும் இருக்கிறது. படத்தைப் பார்த்துத் தச்சரிடம் செய்யச் சொன்னால், அவர் உறுதிக்காக 12 மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் 18 போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அலமாரிக்கு அதுதான் சரி. ஆனால் இரண்டு பக்கச் சுவரிலும் 6 மில்லிமீட்டர் கூடினால், உள்ளளவு 12 மில்லிமீட்டர் குறையும், இல்லாவிட்டால் வெளியளவு அதே 12 பெருக்கும். உள்ளே குறைந்தால் அசிஸ்டென்டுக்கு இடம் இல்லை. வெளியே பெருத்தால் பார்வையாளருக்குச் சந்தேகம். முதலில் அசிஸ்டென்டின் உயரம், தோள் அகலம், இடுப்பு, முழங்கால் உயரம் எல்லாவற்றையும் அளந்து, பழைய அட்டைப்பெட்டியில் முழு அளவு மாதிரி ஒன்று செய்து, மேடை உடையோடு ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாள் வேலைக்குச் சோம்பல்பட்டு, செய்து முடித்த பெட்டியை அறுத்துத் திருத்துகிறார்கள்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையான எம்டிஎஃப் மலிவு, பெயின்டும் அழகாக ஏறும். ஆனால் 8-க்கு 4 அடி, 12 மில்லிமீட்டர் தகடு பிளைவுட்டில் 21 கிலோ அளவில் இருந்தால் எம்டிஎஃப்பில் 27 கிலோவுக்குப் போகும். ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பும். கழற்றி மாட்டும் பெட்டியில் எம்டிஎஃப்புக்குள் நேரடியாக ஸ்க்ரூ இறக்கினால், சில ஷோக்களிலேயே துளை பொடிந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். பிளைவுட்டில் டி-நட் (மரத்தில் பதிக்கும் உலோக நட்) பதித்து போல்ட் போடச் சொல்லுங்கள். அடிக்கடி பிரிக்கும் இணைப்புகளுக்கு ஊசி உருவும் கீல் வையுங்கள். சக்கரம் 3 அங்குல ரப்பர், நான்கில் குறைந்தது இரண்டு பிரேக் உள்ளதாக இருக்கட்டும். நைலான் சக்கரம் மரமேடையில் தடதடவென்று உருளும் சத்தம் பின்னணி இசையையே அமுக்கிவிடும்.

மண்டபத்தின் பக்க வாசல் இரண்டரை அடிதான் இருக்கும் என்று வைத்து அளவைத் திட்டமிடுங்கள். குட்டி யானை வண்டியின் தளம் சுமார் 7 அடி நீளம், அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆறடிப் பெட்டியைப் படுக்கவைத்தால் ஒலிபெருக்கிக்கும் உடைப்பெட்டிக்கும் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள். இரண்டாவது வண்டி வைக்க வேண்டியிருந்தால் அந்த வாடகையும் ஐட்டத்தின் விலைதான்.

மலிவு கூடவே கூடாத இடங்கள்

கழுத்தையோ கையையோ வைத்து வெட்டுவதுபோல் காட்டும் சாப்பர், தீ வரும் ஐட்டம், தெறித்து நீளும் கோல் ஆகிய மூன்றிலும் பேரம் பேசாதீர்கள். சாப்பரில் பக்கத் தண்டவாளம் மெல்லிய தகடாக இருந்தால், பயணத்தில் ஒரு இடி வாங்கி நெளிந்ததும் உள் இயக்கம் சிக்கும். ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால், வண்டியிலிருந்து இறக்கிய பிறகு, ஆள் கை போகும் இடத்தில் கேரட் வைத்து ஐந்து முறை இயக்கிப் பாருங்கள். ஐந்தில் ஒரு முறை தயங்கினாலும் அன்று அந்த ஐட்டம் வேண்டாம். ஸ்டீல் கோல் பிளாஸ்டிக்கைவிட வேகமானது, உறுதியானது, ஆனால் ஓரம் கத்தி. எவர் முகத்துக்கும் நேராக, உங்கள் முகத்துக்கும் நேராக, விரியவிடாதீர்கள். நொடியில் பற்றி எரியும் ஃபிளாஷ் பேப்பர் நைட்ரோசெல்லுலோஸ் என்ற வேகமாக எரியும் பொருள், அதனால் ஈரமாகத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் உலர்த்துங்கள். விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள்.

நல்ல பொருளும் தேயும். சங் லிங் சூ என்ற பெயரில் புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் வில்லியம் ராபின்சன் 1918 மார்ச் 23 இரவு லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் தோட்டா பிடிக்கும் வித்தையைச் செய்தபோது சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். பல வருடம் பழகிய துப்பாக்கிக்குள் ஏற்பட்ட தேய்மானத்தால், வெடிக்கக் கூடாத குழலுக்குள் தீ போய்விட்டது. வாங்கிய நாளில் இருந்த தரம் இன்றைக்கும் இருக்கிறது என்று நம்பியதன் விலை அது.

சாதாரண ஐட்டத்திலும் பராமரிப்புத் தவறுகள் காசைத் தின்னும். பாலை மறையச் செய்யும் பால் ஜக் அக்ரிலிக் என்றால் சானிடைசர், ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள், உள்ளே மயிர்க்கோடுகளாக விரிசல் விழும். ஷோ முடிந்ததும் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் போட்டு, மென்துணியால் துடைத்தால் போதும்.

வெளிநாட்டிலிருந்தும் பழையதாகவும் வாங்குவது

வெப்சைட்டில் தெரியும் விலையோடு கூரியர் கட்டணம், சுங்க வரி, இறக்குமதிக்குச் சேரும் ஐஜிஎஸ்டி வரி மூன்றையும் கூட்டுங்கள். மேஜிக் பொருட்களுக்குச் சுங்கப் பட்டியலில் 9505 என்ற தலைப்பு இருக்கிறது. அனுப்புபவர் பார்சலில் ‘பொம்மை’ என்று எழுதிவிட்டால் அது 9503-க்குப் போகும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சான்று கட்டாயம் என்பதால் பார்சல் சிக்கிக்கொள்ளும். என்ன எழுத வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

விலை அதிகமா என்று முடிவுசெய்ய ஷோ கணக்குப் போடுங்கள். 9,000 ரூபாய் வளையம் மூன்று வருடத்தில் 150 ஷோ பார்த்தால், ஷோவுக்கு 60 ரூபாய். 1,500 ரூபாய் வளையம் பத்தாவது ஷோவில் உரிந்தால் ஷோவுக்கு 150.

பழைய ஐட்டம் வாங்குவது நல்ல வழிதான், ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். கிமிக் பாகங்கள் எத்தனை, செய்முறைத் தாள் இருக்கிறதா, எந்த பாகம் மாற்றியது என்று எழுத்தில் வாங்குங்கள். விற்பவரையே ஒரு முறை முழுதாகச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கையால் மூன்று முறை செய்யுங்கள். சாவி, ஊசி, காந்தம், நூல் போன்ற சின்ன பாகங்களை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவின் மூடியில் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு ஷோ முடிந்ததும் அந்த எண்ணிக்கையோடு சரிபார்த்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.