ரிசீவரின் வைஃபை இணைந்தும் செயலியில் கப்பல்கள் தெரியவில்லையா?

நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் மைத்துனர், ஏஐஎஸ் ரிசீவரோடு (சுற்றியுள்ள கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை ரேடியோவில் அறிவிப்பதை வாங்கித் தரும் கருவி) கைபேசி வைஃபையில் இணைந்தும் வழிகாட்டும் செயலியில் ஒரு கப்பலும் தெரியவில்லை என்று, அதைக் கழற்றித் தருமபுரியில் உள்ள எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

ரிசீவரின் வைஃபையில் பெரும்பாலும் இணைய வசதி இராது என்பதால், ஆண்ட்ராய்டு கைபேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடக்கூடும்; முதலில் அதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் அந்தச் செயலிக்கு ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி இருக்க வேண்டும். பிறகு ஐபி முகவரி, போர்ட் எண், தரவு அனுப்பும் முறை டிசிபியா யூடிபியா என்னும் மூன்றும் ரிசீவரின் கையேட்டில் உள்ளபடியே செயலியில் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் கோளாறு இங்கேதான் ஒளிந்திருந்தது: 10110 என்ற போர்ட் எண்ணில் ஒரு ஒன்று விடுபட்டிருந்தது. டிசிபி முறையில் சில ரிசீவர்கள் ஒரே நேரத்தில் ஒரு கைபேசியை மட்டுமே ஏற்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

திருத்திய பின்பும் திரையில் கப்பல்கள் வரவில்லை. கப்பல்களின் ஏஐஎஸ் அறிவிப்புகளைச் சுமந்துவரும் 162 மெகாஹெர்ட்ஸ் அருகிலான விஎச்எஃப் ரேடியோ அலைகள் ஏறக்குறைய பார்வைக்கோட்டில் செல்பவை, கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்கு அவை எட்டா. ஆனால் கைபேசியின் சொந்த லொகேஷனை அணைத்துவிட்டு, ரிசீவரின் ஜிபிஎஸ் ஆண்டெனாவை மொட்டைமாடியில் வைத்துச் சில நிமிடங்கள் காத்திருந்தபோது, செயலியின் படகுக் குறி நிலத்துக்கு நடுவே, தருமபுரியின் மேல் வந்து நின்றது; ரிசீவரின் தரவு செயலிக்கு வந்துசேர்கிறது என்பது அதிலேயே உறுதியாயிற்று.