வைஃபை கார்டு டைம்அவுட் ஆகிறதா? புது கார்டு வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைஃபை சின்னம் எல்லாக் கோடுகளையும் காட்டும், ஆனால் பக்கம் திறக்காது. சில நொடியில் தானாகச் சரியாகும், மறுபடி நிற்கும். காட்பாடி ஹாஸ்டலில் ஆன்லைன் தேர்வு எழுதும் மாணவர், வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கத்து லாட்ஜில் நோயாளிக்குத் துணையாகத் தங்கியபடியே ஆபீஸ் வேலையையும் பார்ப்பவர், சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: "கார்டு போயிடுச்சு, மாத்திடலாம்." அவசரம் வேண்டாம். அனுப்பிய கேள்விக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. டைம்அவுட் சொல்வது அவ்வளவுதான். பதில் எங்கே தொலைகிறது, எப்போது தொலைகிறது என்று பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் கிளம்புகின்றன.

எங்கே அறுகிறது என்று பார்க்காமல் கார்டைக் குற்றம் சொல்வது

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் எனும் கட்டளை அடிக்கும் ஜன்னல்கள் இரண்டைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கு பிங் (ping) விடுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னக் கேள்வியை அனுப்புங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் சரியான எண் வரும். இன்னொன்றில் இணையத்தில் உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8 க்கு பிங் விடுங்கள். இரண்டிலும் கடைசியில் இடைவெளி விட்டு -டி (-t) சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். அரை மணி நேரம் ஓடட்டும். அதுவரை வழக்கமான வேலையைப் பாருங்கள்.

ரூட்டர் 2, 3 மில்லி நொடியில் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் அறுந்தால் உங்கள் கார்டில் குறையில்லை. ரூட்டருக்கு அப்பால் உள்ள லைனில்தான் கோளாறு. கேபிள்காரரையோ ஃபைபர் கொடுத்தவரையோ கூப்பிடுங்கள். இரண்டும் ஒழுங்காக ஓடியும் வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால், வெப்சைட் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். ரூட்டருக்கான பிங்கே அறுந்தால்தான் கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், வைஃபை ஓடும் அலைவரிசைப் பகுதியான சானல், ஆன்டெனா என்ற பக்கம் வர வேண்டும். நூற்றுக்கணக்கான பதில்களுக்கு நடுவே ஒன்றிரண்டு தவறினால் பொருட்படுத்த வேண்டாம். வைஃபையில் அது சகஜம்.

அந்த ஜன்னலில் வருகிற வரிகளை ஒரே மாதிரி நினைத்துவிடாதீர்கள். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் கேள்வி போனது, விண்டோஸ் வழக்கமாகக் காத்திருக்கும் 4 நொடிக்குள் பதில் வரவில்லை. "ஜெனரல் ஃபெயிலியர்" என்றால் அந்த நொடியில் லேப்டாப்பிடம் நெட்வொர்க்கே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது, அல்லது டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. எண்களும் பேசும். 3, 4, 3 என்று போய்க்கொண்டிருந்தது 180, 640, 1200 என்று ஏறி, அப்புறம் அறுந்தால் பெரும்பாலும் சானல் நெரிசல் அல்லது பலவீனமான சிக்னல். 3, 3, 3 என்று போய்த் திடீரென நாலு வரி அறுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி 3 என்று வந்தால் கார்டு ரீசெட் ஆகிறதா, பவர் சேவிங்கில் தூங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதோடு, அதே இடத்தில் அதே வைஃபையில் ஒரு போனையும் வைத்துப் பாருங்கள். போனும் சேர்ந்து தடுமாறினால் லேப்டாப்பைத் திறப்பது வீண்வேலை.

நேரத்தைக் கவனிக்காமல் விடுவது

எப்போது அறுகிறது என்பதே பாதி விடை. கொஞ்ச நேரம் சும்மா விட்டுத் திரும்பி வந்ததும் அறுந்தால் பவர் சேவிங். சரியாக மணிக்கு ஒரு தடவை என்றால், ரூட்டரில் குரூப் கீ, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான பூட்டுச்சாவி, புதுப்பிக்கும் இடைவெளியைப் பாருங்கள். பல ரூட்டர்களில் அது 3600 நொடி, அந்த நேரத்தில் பழைய கார்டுகள் சில தடுமாறும். மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் என்றால் அக்கம்பக்கத்து வைஃபை. பெரிய ஃபைல் இறக்கும்போது, வீடியோ கால் நீளும்போது மட்டும் என்றால் சூடு. வேலூர்க் கோடையில் மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையில், பரண்மேலோ மூடிய டிவி அலமாரிக்குள்ளோ ரூட்டரை வைத்தால் அது வேகத்தான் செய்யும். மெத்தைமேல் வைத்த லேப்டாப்புக்கும் அதே கதி.

கரண்ட் போய் வரும்போதெல்லாம் அறுகிறதா? இன்வர்ட்டருக்கு மாறும் அந்தச் சின்ன இடைவெளியில் ரூட்டர் அணைந்து மறுபடி ஏறுகிறது. முழுதாக ஏற ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். இன்வர்ட்டரில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மாறும் இடைவெளி குறையும். இல்லாவிட்டால் ரூட்டருக்கென்று ஒரு மினி யூபிஎஸ் போதும். வாங்கும்போது ரூட்டர் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்றால் மினி யூபிஎஸ்ஸும் அதே 12 வோல்ட், குறைந்தது 1.5 ஆம்பியர் தர வேண்டும். பின் பொருந்துகிறதே என்று 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் ரூட்டர் எரியலாம்.

விண்டோஸே இந்த நேரக்கணக்கை எழுதி வைத்திருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்று அடித்தால், கடந்த 3 நாளில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது எதனால் அறுந்தது என்று வரைபடத்தோடு ஒரு பக்கம் உருவாகும். இவ்வளவு உதவியான ஒன்றைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை.

பவர் சேவிங்கைப் பாதி மட்டும் அணைப்பது

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழ் வைஃபை கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுப்பார்கள். அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதிக்குள் இன்னும் இரண்டு உண்டு. வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸை மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸின் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் ஆக்குங்கள். பேட்டரியில் ஓடும்போது, சார்ஜரில் ஓடும்போது என இரண்டு வரிகளிலும் மாற்ற வேண்டும். பேட்டரியில் மட்டும் அறுகிறது என்பவர்கள் பெரும்பாலும் ஒரு வரியை விட்டிருப்பார்கள். வெளியே செருகும் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் என்றால் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் அணையுங்கள். சில புது லேப்டாப்களில் இந்தப் பகுதிகளே காணப்படாது. அப்போது கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் பவர் சேவ் என்று பெயருள்ள அமைப்புகளைப் பாருங்கள்.

லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜரின் வைஃபை பவர்சேவ் மதிப்பை 0 என்று போட்டுவிட்டு அணைத்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. 0 என்றால் வழக்கமான அமைப்பையே எடுத்துக்கொள் என்று அர்த்தம். அணைக்க 2 போட வேண்டும். 3 போட்டால் பவர் சேவிங் இயங்கும்.

டிரைவர் விஷயத்தில் கைவைக்கும் முறை

டிரைவரைத் தானே தேடித் தருகிறோம் என்று விளம்பரம் வரும் மென்பொருள்களை ஏற்றாதீர்கள். கார்டுக்குச் சம்பந்தமில்லாத டிரைவரைத் திணித்து நிலைமையை மோசமாக்கிவிடும். லேப்டாப் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். இறக்கிய ஃபைல் கையில் இருக்கும்போதுதான் பழையதை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும்; முதலில் அழித்துவிட்டால் புதியதை இறக்க நெட் இருக்காது. போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்துத் தப்பிக்கலாம்.

விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாளிலிருந்து தொல்லை ஆரம்பித்திருந்தால் புதிய டிரைவரைத் தேடவே வேண்டாம். ரோல் பேக் டிரைவர் பட்டனை அழுத்திப் பழையதற்குத் திரும்புங்கள்.

"பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்" என்பார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது ஷட்டவுன் முழுமையானதல்ல. விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, ஆன் செய்ததும் அதே நிலையில் எழுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். கார்டே டிவைஸ் மேனேஜரிலிருந்து மறைந்தாலோ, கோட் 10 என்று பிழை காட்டினாலோ, முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். சிக்கிக்கொண்ட கார்டு பல நேரம் இதிலேயே எழுந்துவிடும்.

நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் விபிஎன் அமைப்புகளையும் துடைத்துவிடும். ஒரே மூச்சில் நாலு அமைப்பை மாற்றவும் கூடாது. ஒன்றை மாற்றி, அரை மணி நேரம் பிங் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நெரிசலான சானலில் கார்டைப் பழிப்பது

தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்கள் நெருக்கமாக நிற்கின்றன. பல லாட்ஜ்களில் மாடிக்கு ஒரு ரூட்டர். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கார்டு தடுமாறுவது கார்டின் குற்றமல்ல. இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. எல்லோரும் 1 லும் 6 லும் இருக்கிறார்கள் என்று நடுவில் 3 ஐ வைத்தால் தப்பிக்க முடியாது. இரண்டு பக்க இரைச்சலும் சேர்ந்து விழும். அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் வேகம் கூடும் என்று ஆசைப்படுவதும் இங்கே உதவாது. 20 லேயே வையுங்கள்.

முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அதில் 52 முதல் 144 வரையுள்ள சானல்கள் ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் சிக்னல் என்று ரூட்டர் கருதினால் உடனே சானலைக் காலி செய்யும், கார்டு அந்தரத்தில் நிற்கும். 36 முதல் 48 வரையிலோ, 149 முதல் மேலோ வைத்தால் அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் கான்க்ரீட் தளத்தைத் தாண்டத் திணறும். கீழே ரூட்டர், மேல்மாடியில் வேலை, நடுவில் இரும்பு பீரோ என்றால் எதிர்பார்க்க வேண்டாம். விண்டோஸ் காட்டும் சிக்னல் 50 சதவீதம் என்பது ஏறக்குறைய -75 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்). வீடியோ காலுக்கு -67 அளவாவது வேண்டும். அதாவது 65 சதவீதத்துக்கு மேல்.

ப்ளூடூத் ஹெட்செட் போட்டால் மட்டும் அறுகிறதா? ப்ளூடூத்தும் 2.4 இல்தான் ஓடுகிறது, பல கார்டுகளில் ஆன்டெனாவும் பொது. வைஃபையை 5 க்கு மாற்றினால் தீரும். யூஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சல் கிளப்பும். ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் நெட் போகிறது என்றால், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

திறக்கும்போதும் வாங்கும்போதும்

திறக்கும் முன் ஒரே ஒரு சோதனை. ஒரு பென்டிரைவில் உபுண்டு போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டி, அதே பிங்கை விடுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கோளாறு விண்டோஸிலும் டிரைவரிலும்தான். அங்கேயும் அறுந்தால் கார்டு அல்லது ஆன்டெனாவைச் சந்தேகிக்கலாம்.

ரூட்டர் பக்கத்தில் வைத்தால் சரியாக ஓடி, நாலடி தள்ளினால் அறுகிற கார்டு பெரும்பாலும் நல்ல கார்டுதான். ஆன்டெனா ஒயர் கழன்றிருக்கும். முன்பு யாராவது லேப்டாப்பைத் திறந்து ரேம் மாற்றியிருந்தால் இதையே முதலில் பாருங்கள். திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். கார்டின் ஓரத்தில் மிளகைவிடச் சிறிய இரண்டு வட்ட முனைகள் இருக்கும், கறுப்பு ஒயர் ஒன்றும் வெள்ளை அல்லது சாம்பல் ஒயர் ஒன்றும் அவற்றில் உட்கார்ந்திருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனைக்குக் கீழே நகத்தைக் கொடுத்து நேராக மேலே தூக்குங்கள். மாட்டும்போது நேர் மேலே வைத்து விரலால் அழுத்தினால் லேசாக ஒரு 'டிக்' கேட்கும். சாய்த்து அழுத்தினால் நடு ஊசி நசுங்கிவிடும். இந்த முனைகள் ஏறக்குறைய 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் தாங்கும். சும்மா சும்மா கழற்றிப் பார்க்காதீர்கள்.

வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு, இடத்தில் பொருந்தினால் வேலை செய்யும் என்று நம்புவது. இன்டெலின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை சிஎன்விஐ கார்டுகள். வைஃபையின் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வசதி இல்லாத பழைய இன்டெல் லேப்டாப்பிலும் எந்த ஏஎம்டி லேப்டாப்பிலும் அவை ஓடாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பொதுவான இணைப்பில் ஓடுபவை, ஏஎம்டியிலும் போடலாம். கடையில் எண்ணைத் தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். 210, 211 என்ற ஒரே எண் வித்தியாசத்தில் பணம் வீணாகும். சில பழைய லேப்டாப்களில் ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளான பயாஸ், நிறுவனம் அங்கீகரித்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்காது. எனவே ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். புது கார்டை மாட்டியதும் அடிமூடியின் ஸ்க்ரூ எல்லாவற்றையும் முறுக்கிவிடாமல், இரண்டு மட்டும் போட்டு மூடி, ரூட்டருக்கு ஒரு மணி நேரம் பிங் ஓட்டிப் பாருங்கள்.