உப்பைத் துள்ளவிட்டு அதிர்வைக் காட்டலாம்

மேளத்தைத் தட்டி “தோல் அதிர்கிறது பார்” என்றால் பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். அதிரும் தோலிலும் அசையாத இடங்கள் உண்டு என்பதைக் காட்டத்தான் இந்தச் சோதனை.

வேண்டியவை: 4 அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு (பிளம்பரிடம் மிச்சத் துண்டு கிடைக்கும்), கறுப்பு பலூன், ரப்பர் பேண்ட், தூள் உப்பு, சின்ன ஸ்பீக்கர், டோன் ஜெனரேட்டர் (வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும்) செயலி உள்ள போன்.

முதலில் பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, குழாயின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்து மாட்டி, ரப்பர் பேண்ட் போடுங்கள். பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. விரலால் தட்டினால் ‘டம்’ என்று கேட்க வேண்டும். ‘பொத்’ என்றால் இன்னும் இழுக்கணும்.

ஸ்பீக்கரை வாய் மேலே பார்க்க வைத்து, குழாயை அதன்மேல் நிறுத்துங்கள்.

அப்புறம் உப்பை மெல்லியதாகத் தூவுங்கள். மழைக்காலம் என்றால் வெறும் வாணலியில் வறுத்து ஆறவிடுவது நல்லது. ரவையும் சரிதான். மைதாவும் முகப்பவுடரும் வேண்டாம். மிக நுண்ணிய தூளைப் பரப்புக்கு மேலே சுழலும் காற்று அடித்துப்போய், அதிர்வு அதிகமான இடத்திலேயே குவித்துவிடும், பாடம் தலைகீழாகும். இதன் காரணத்தை 1831-லேயே ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே விளக்கிவிட்டார்.

இனி 100 ஹெர்ட்ஸில், குறைந்த ஒலியில் தொடங்கி அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென ஓரிடத்தில் உப்பு துள்ளும். அதுதான் ஒத்ததிர்வு, அதாவது ஒலியின் அதிர்வெண்ணும் பலூன் தோலின் இயல்பான அதிர்வெண்ணும் ஒத்துப்போகும் நிலை. அங்கேயே நிறுத்தி, ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் முன்பின் நகர்த்துங்கள். பெரும்பாலும் முதலில் நடுப்பகுதி காலியாகி உப்பு விளிம்புக்கு ஓடும். இன்னும் ஏற்றினால் வளையமோ கோடோ தெரியும்.

உடனே விளக்கிவிடாதீர்கள். “எந்த இடம் அதிகமாக அதிர்கிறது?” என்று கேளுங்கள். உப்பு குவிந்த இடத்தைக் காட்டுகிற பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் கையாலேயே காலி இடத்தில் நாலு பரல் போடச் சொல்லுங்கள். துள்ளித் துள்ளி ஓடி, கோட்டில் போய் அடங்கும். கோடு என்பது அசையாத இடம், அதாவது கணு. உப்பை விரட்டுகிற இடம் எதிர்க்கணு.

உலோகத் தகட்டில் மணல் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்து இந்தக் கோலங்களை வரவழைத்த ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி, 1787-இல் அதைப் புத்தகமாக்கினார். நம் சி.வி. ராமனும் மிருதங்கம், தபலா தோலில் மணல் தூவி அதிர்வுகளை ஆராய்ந்து 1934-இல் எழுதியிருக்கிறார். அதைக் கேட்டுப் பள்ளி மிருதங்கத்தில் யாராவது உப்பைக் கொட்டிவிடப் போகிறார்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், தோல் கெடும்.