மனச்சோர்வு பற்றி டாக்டரிடம் சொல்ல நான் எழுதிக்கொண்டு போன தாள்

முதல் முறை போனபோது நான் டாக்டரிடம் சொன்னது, "தலை வலிக்குது, உடம்பு அசதியா இருக்கு" என்பதுதான். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. குளிக்கப் போவதற்கே அரை மணி நேரம் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்ததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே. இரண்டாவது முறை ஒரு தாளோடு போனேன்.

தாளில் முதல் வரி: "மனச்சோர்வாக இருக்குமோ என்று சந்தேகம். அதைப் பேசத்தான் வந்தேன்." உள்ளே போனதும் இதைச் சொல்லிவிட வேண்டும். தலைவலியில் ஆரம்பித்தால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். சொல்ல வந்தது எழுந்து கிளம்பும்போதுதான் நினைவுக்கு வரும்.

அடுத்தது நாள் கணக்கு. மனச்சோர்வு என்று முடிவு செய்ய, சோகமோ எதிலும் பிடிப்பில்லாமையோ அநேகமாகத் தினமும், குறைந்தது 2 வாரம் இருந்திருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். "ரொம்ப நாளா" என்றால் அவர்களுக்குப் பயன்படாது. எனக்குத் தேதி நினைவில்லை, "வீடு மாறின பிறகு" என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் "மனசு சரியில்லை" என்று எழுதி, அடித்துவிட்டேன். அதில் என்ன தெரியும்? பதிலாக இப்படி எழுதினேன்: விடிகாலை 3 மணிக்கு விழிப்பு, பிறகு தூக்கமில்லை. பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. ஒரே பக்கத்தை நாலு தரம் படிக்கிறேன். தங்கை போன் அடித்தால் எடுப்பதில்லை. சிலருக்கு நேர்மாறாகத் தூக்கமும் பசியும் கூடும். அதுவும் எழுத வேண்டியதுதான். இதையெல்லாம் நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை.

இருப்பதிலேயே கஷ்டமான வரியைக் கடைசியில் பொடி எழுத்தில் எழுதினேன்: "செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது." வாயால் சொல்ல முடியவில்லை, தாளை நீட்டினேன். அவர் பதறவில்லை. எப்படி என்று யோசித்தீர்களா, அதற்கு ஏதாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடாது. ஆனால் வழி யோசிக்கிற அளவுக்குப் போயிருந்தால் தாளும் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட்டும் வேண்டாம். தனியாக இருக்காமல், யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தாளோடு, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மூலிகை மருந்து உட்பட. ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளே மனநிலையை மாற்றும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை எல்லாம் மனச்சோர்வு போலவே தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினால், நம்பவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் (நான் கோபித்துக்கொண்டேன்). குடிப்பழக்கம் இருந்தால் அளவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவு மீறிய உற்சாகத்தில் கண்டபடி செலவு செய்ததுண்டா? அதை அவசியம் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக (சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) இருக்கலாம், வைத்தியமே வேறு. குடும்பக் கதையும் வேண்டும். என் சித்தப்பா வருஷக்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை. "அவர் சுபாவம் அப்படி" என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள்.

தாளின் பின்பக்கம் என் கேள்விகள். மாத்திரை எப்போது வேலை செய்யும்? (பெரும்பாலும் சில வாரம் ஆகும்.) ஆரம்பத்தில் என்ன தொந்தரவு வரும்? மாத்திரைக்குப் பதிலாகவோ கூடவோ கவுன்சலிங் உதவுமா? நன்றாகிவிட்டது என்று நானே நிறுத்தலாமா? கூடாது என்றார், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம். பதில்களை, கூட வந்திருந்த தங்கை எழுதிக்கொண்டாள். கடைசி வரி பற்றிப் பேசும்போது மட்டும் அவளை வெளியே உட்காரச் சொன்னேன், டாக்டரும் சரி என்றார்.