எம்.ஜி.பி.க்கு மெனுவல் வாங்குமுன்

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, எம்.ஜி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடிப் பிடிப்பவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். வாங்கியதும் பழுதுபார்க்கும் கையேடு பற்றிக் கேட்பது, "எந்த மெனுவல் நல்லது?" 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி.யை வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் தகட்டைப் படியுங்கள்

சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) உள்ள ஆண்டை மட்டும் நம்பி மெனுவல் தேடாதீர்கள். பொனட்டைத் திறந்து தகட்டில் உள்ள சேசி எண்ணைப் பாருங்கள். ஜிஎச்என்3 என்று தொடங்கினால் முதல் ரகம். ஜிஎச்என்4 என்றால் 1967 கடைசியில் வந்த இரண்டாவது ரகம். 5 அதற்கும் பிந்தியது. கூரை வைத்த ஜி.டி.யில் 'என்' இருக்கும் இடத்தில் 'டி' வரும்.

அடுத்தது எஞ்சின் எண். டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம் புளொக்கில் இருக்கும். டீசல் துணியால் துடைத்தால்தான் தெரியும். 18ஜி, 18ஜிஏ என்றால் கிராங்கில் (எஞ்சினின் முக்கிய சுழல்தண்டு) மூன்று மெயின் பெயரிங். 18ஜிபி முதல் ஐந்து. எண் 16 என்று தொடங்கினால் யாரோ சின்ன எஞ்சினை இறக்கியிருக்கிறார்கள். அந்த எஞ்சினுக்குத் தனி மெனுவல் வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், முதல் ரகத்தில் பெட்டரியின் பிளஸ் முனைதான் காரின் பொடியில் (உடல் தகட்டில்) எர்த். இரண்டாவது ரகத்தில் டைனமோ போய் ஓல்டர்நேட்டர் வந்தது, மைனஸ் எர்த் ஆனது. முதல் ரகத்தின் வயரிங் படத்தை வைத்து இரண்டாவதில் பெட்டரியை மாட்டினால் ஓல்டர்நேட்டர் டயோட் அந்த நிமிடமே போய்விடும். ரேடியோ போடுவதற்காகப் பழைய காரையே மைனஸ் எர்த்துக்கு மாற்றியவர்களும் உண்டு. அதனால் சீட்டுக்குப் பின்னால் பெட்டரி மூடியைத் திறந்து, எந்த முனையின் கேபிள் பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

2. எது வாங்குவது

என் ஓட்டு கார் கம்பனியே வெளியிட்ட மெனுவலுக்குத்தான். ஹெய்ன்ஸ் என்ற பதிப்பகத்தின் மெனுவல் படம் போட்டு அழகாகச் சொல்லித் தரும், கைப்பழக்கம் இல்லாதவருக்கு நல்லது. ஆனால் எல்லா ஆண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பதால், நம் காருக்கு உரிய பந்தி எது என்று பார்த்துப் பார்த்துப் படிக்க வேண்டும். கம்பனி மெனுவலோ படிப்பவரை மெக்கானிக் என்றே நினைத்துப் பேசும். அதில் 18ஜி என்று எண் போட்ட விசேட கருவிகள் அடிக்கடி வரும். எஞ்சின் எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கூடவே பார்ட்ஸ் புத்தகமும் வேண்டும். வொஷர் எந்த வரிசையில் போகிறது என்று அதன் படம்தான் காட்டும்.

அமெரிக்கப் பதிப்பு வேண்டாம். 1975 மாடல் முதல் அங்கே போன கார்களில் ஒற்றை ஸ்ட்ரோம்பெர்க் காபரேட்டர், நம்மிடம் இருப்பது இரட்டை எஸ்.யூ. காபரேட்டர்.

3. வாங்குமுன் ஒரு சோதனை

கொழும்பில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால், முதலில் வயரிங் படம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு வயரைத் தொடருங்கள். படத்தில் வயரின் நிறத்தை எழுத்தால் குறித்திருப்பார்கள்: பி என்றால் கறுப்பு, யூ என்றால் நீலம், என் என்றால் பழுப்பு. பழுப்பு வயர் பெட்டரியிலிருந்து நேரே வருவது, ஃபியூஸ் கிடையாது.

கிரீஸ் கறை பட்ட புத்தகத்தை ஒதுக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்குங்கள். நுவரெலியா ஈரத்தில் அது பக்கத்து அலுமாரிக்கும் பரவும். போனில் பி.டி.எஃப். வைத்திருப்பவர்கள் வேண்டிய பக்கத்தை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். எண்ணெய்க் கையோடு திரையைத் தடவி வேலை நடக்காது.

பிற்சேர்க்கை: "மெனுவல்படி டியூன் செய்தும் புகை கறுப்பாக வருகிறதே அண்ணா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு, அதனால் பெட்ரோல் கலவை கூடிவிடும். கம்பனி மெனுவலின் அளவுப் பட்டியலில் காபரேட்டர் ஊசிக்கு மூன்று எண்கள் இருக்கும்: வழக்கமானது, கலவை கூடியது, கலவை குறைந்தது. குறைந்ததைப் போட்டுப் பாருங்கள். கொழும்புக்கு அடிக்கடி இறங்குபவர்கள் வழக்கமான ஊசியையே விட்டுவிட்டு, காபரேட்டரின் ஜெட் நட்டை மட்டும் கொஞ்சம் மேலே திருகினால் போதும்.