டெங்கு நோயாளருக்குத் திரவம் ஏற்றும்போது விடும் பிழைகள்

வடகீழ்ப் பருவ மழையோடு மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்பு வார்டுகளில் டெங்குக் காய்ச்சல் கூடும். புதிதாக வரும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் விடும் பிழைகள் மட்டும் வருடா வருடம் மாறுவதில்லை. கெனியூலா வீங்குவது, போத்தல் முடிவது போன்றவற்றைத் தாதியரே பார்த்துவிடுவார்கள். அவை இங்கே வேண்டாம்.

வாயால் போனதைக் கணக்கில் சேர்க்காமை

கசிவுக் கட்டம், அதாவது குருதிக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும் காலம், கூடியது 48 மணி நேரம். 50 கிலோ ஆளுக்கு அந்த முழு நேரத்துக்குமான கோட்டா: பராமரிப்புக்கு 2100 மில்லி லீட்டர், கிலோவுக்கு 50 மில்லி லீட்டர்படி இன்னும் 2500, ஆக 4600. கணக்குக்கு 50 கிலோதான் உச்சம், ஆள் 80 கிலோ என்றாலும் அதே 4600தான். இந்தக் கூட்டலில் யாரும் பிழை விடுவதில்லை. பிழை கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. சேலைன் மணிக்கு 100 ஓடிக்கொண்டிருக்க, வீட்டார் மூன்று இளநீரும் கரைத்த ஒரு ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல்) பக்கெற்றும் பருக்கியிருப்பார்கள். அதுவே இரண்டு லீட்டரை நெருங்கும். சார்ட்டில் ஒரு சொட்டும் இருக்காது. வாழைச்சேனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ அம்புலன்சில் வரும்போது ஓடியதும் அப்படித்தான் விடுபடும். போலஸ் (ஒரேயடியாக வேகமாக ஏற்றும் திரவம்) உட்பட எல்லாமே அந்த 4600க்குள் அடங்க வேண்டும்.

கசிவு நின்றதும் வெளியே போன நீர் குருதிக் குழாய்க்குள் திரும்பி வரும். கூடுதலாக ஏற்றியிருந்தால் அப்போதுதான் நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு வாங்குவதை ஷொக் (குருதியோட்டம் போதாத அதிர்ச்சி நிலை) என்று நினைத்து இன்னொரு போலஸ் கொடுப்பவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

கசிவு தொடங்கிய நேரத்தைச் சார்ட்டின் தலையில் எழுதுங்கள். குடித்தது, ஏற்றியது, சிறுநீர் மூன்றையும் மணிக்கொரு தடவை பதியுங்கள். சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மில்லி லீட்டர் போதும். 1ஐத் தாண்டினால் சந்தோஷப்படாமல் வேகத்தைக் குறையுங்கள்.

ஷொக்குக்கு 5 வீத டெக்ஸ்ட்ரோஸ்

வேண்டாம். இந்தச் சீனிக் கரைசலை ஒரு லீட்டர் ஏற்றினாலும் குருதிக் குழாயில் தங்குவது 100 மில்லி லீட்டர்கூட இல்லை.

பிசிவி இறங்கினால் தேறிவிட்டார் என்று எண்ணுவது

பிசிவி (குருதியில் செங்கலங்களின் வீதம்) 45இலிருந்து 36க்கு வந்தும் நாடி பலவீனமாகவே இருந்தால் உடலுக்குள் குருதி கசிந்து இழக்கப்படுகிறது. சேலைனைக் கூட்டாமல் குருதி கேளுங்கள்.

டெக்ஸ்ட்ரான் 40

குருதிக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் திரவம் இது. ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 மில்லி லீட்டர். 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் கூடாது. தொடங்குமுன் குரொஸ் மட்சுக்கு (ஏற்றும் குருதி பொருந்துமா என்ற பரிசோதனை) குருதி எடுத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் அந்தப் பரிசோதனை குழம்பலாம்.

குருதி ஓடும் லைனில் ஹார்ட்மன்

ஹார்ட்மன் திரவத்தில் கல்சியம் இருக்கிறது, குருதி உறையும். நோமல் சேலைன் மட்டும்.